ஓகஸ்ட் விடுமுறையில் ஒளிப்படம் பழகுதல்: குளக்கட்டா, முற்றமா, மைதானமா, கடற்கரையா?

வன்னியில் ஓகஸ்ட் விடுமுறை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றோடு வருகிறது. மழை இல்லை, சிறுபோக நெல் முற்றி நிற்கிறது அல்லது அறுவடையாகிக்கொண்டிருக்கிறது, குளங்களின் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குகிறது. பிள்ளைகள் பகலில் வாய்க்காலிலும் குளத்திலும், மாலையில் மைதானத்திலும், இடையிடையே பாலைப்பழம் தேடிக் காட்டோரத்திலும் பொழுதைக் கழிக்கிறார்கள். இந்த நாள்களில் ஒளிப்படத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளையவர்களும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்பது எந்தக் கமராவை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கும் விடை சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் பொழுதுபோக்குகளில் எதனோடு இந்தப் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்வது என்பதே கூடுதல் பயன்தரும் கேள்வி என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் விடுமுறையில் குளிப்பையும் விளையாட்டையும் விட்டுவிட்டு இன்னொரு வகுப்பில் போய் இருக்கப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனம் வராது, வரவும் தேவையில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் திரும்பிப் போகக்கூடியதும், அவசரமின்றி நின்று பார்க்க நேரம் தருவதுமான இடமே தொடக்கத்துக்கு உகந்தது. ஆகவே குளக்கட்டையும் வீட்டு முற்றத்தையும் முதலில் வைக்கிறேன்; மைதானம் அதற்கு அடுத்தது; கடற்கரையும் காடும் அதன் பின்னர்; திருவிழா கடைசியில்.

இந்த வரிசைக்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால், சூரியன் ஆண்டில் இரண்டு தடவை நேர் உச்சிக்கு வருகிறது: ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மற்றையது ஓகஸ்ட் மாதக் கடைசியில். அதனால் விடுமுறைக்கால நண்பகல் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து செங்குத்தாக விழுந்து, கண்குழிகளில் கருநிழலை நிரப்பி, நெற்றியையும் மூக்கையும் வெளிறச் செய்துவிடும். காலை 6 மணிக்குச் சற்றுப் பின்னர் உதிக்கும் சூரியன் 8 மணியளவிலேயே கடுமையாகிவிடுகிறது. மாலையில் 5 மணிக்குப் பின்னர்தான் ஒளி தாழ்ந்து பக்கவாட்டில் வரத் தொடங்கும், 6.20 அளவில் பொழுது பட்டுவிடும். இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், பொழுது பட்டபின் வெளிச்சம் தங்கி நிற்பதும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். எனவே ஒரு நாளில் நல்ல ஒளி காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒன்றரை மணி நேரமும்தான். அந்த நேரத்தில் பழகுநர் எங்கே இருப்பார் என்பதை வைத்தே பொழுதுபோக்கைத் தெரிவு செய்ய வேண்டும்.

இனிக் கருவியைப் பற்றி. முதல் விடுமுறைக்குக் கைத்தொலைபேசி போதும். இதை வசதி இல்லாதவர்களுக்கான ஆறுதலாகச் சொல்லவில்லை. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய கமரா என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது உண்மைதான் என்றாலும், அது என் முதற்காரணம் அன்று. ஒரு படத்தின் வெளிச்ச அளவைத் தீர்மானிப்பவை மூன்று: லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஒளியைப் பதியும் உணரியிலிருந்து (சென்சர்) வரும் சைகை எந்த அளவுக்குப் பெருக்கப்படுகிறது. மூன்றாவதைத்தான் ஐ.எஸ்.ஓ. என்ற எண் குறிக்கிறது. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் துளை மாறாதது. ஆகவே ‘புரோ’ என்ற நிலையைத் திறந்தால் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகிய இரண்டை மட்டுமே மாற்ற வேண்டியிருக்கும். மூன்று திருகுகளோடு தடுமாறுவதைவிட இரண்டோடு தொடங்குவது எளிது. அந்த நிலை இல்லாத கைத்தொலைபேசியிலும், திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முதல் வாரத்துக்கு அது ஒன்றே போதும்.

லென்ஸை மாற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றைப் பாவித்ததாக வாங்கும் நிலையில் இருப்பவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். நிக்கோன் டி3100, டி3200 போன்ற தொடக்கநிலைக் கமராக்களின் ஷட்டர் ஒரு இலட்சம் தடவை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. திருமண வீடுகளில் உழைத்த கமரா அந்த எண்ணிக்கையை நெருங்கியிருக்கலாம் என்பதால், எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்த நிக்கோன் வகைகளுக்குள் குவியத்தைத் தானாகச் சரிசெய்யும் மோட்டார் இல்லை. ஆகவே பழைய ஏ.எஃப். 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும், மோட்டாரைத் தன்னுள்ளேயே கொண்ட ஏ.எஃப்.-எஸ். வகை லென்ஸில் மட்டுமே அது தானாக இயங்கும். கனன் 600டி, 1100டி போன்றவற்றில் கனனின் இ.எஃப். வகை லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தால் சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்; மாரியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் நம் பகுதியில், துணிப்பையில் கிடந்த லென்ஸ்களுக்குப் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். எந்தக் கமராவானாலும் அதைச் சோளகக் காற்றில், கிரவல் வீதியோரத்தில் நின்று லென்ஸ் மாற்றுவது உணரியில் புழுதியை அள்ளிப் போடுவதற்குச் சமம்.

குளக்கட்டுக்கு வருவோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்று பெரிய குளங்கள் உள்ள இந்த நிலத்தில், குளத்தை அண்டியிராத ஊர் குறைவு. பெரிய குளம்தான் வேண்டும் என்பதில்லை. சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய சிறு குளமே மேல். குளிக்கப் போகிறவர்கள் எப்படியும் மாலையில் அங்கே இருப்பார்கள், தூண்டில் போடுகிறவர்கள் காலையில் இருப்பார்கள். நல்ல வெளிச்சத்தின் இரண்டு வேளைகளும் அவர்களுடைய பொழுதுபோக்கின் வேளைகளாகவே அமைந்துவிடுகின்றன.

இரணைமடுவை எடுத்துக்கொண்டால், அணைக்கட்டு குளத்தின் வடக்கு முனையில் இருக்கிறது. கட்டில் நின்று நீரைப் பார்ப்பவருக்குக் காலைச் சூரியன் இடப்பக்கமும் மாலைச் சூரியன் வலப்பக்கமும் இருக்கும். பக்கவாட்டு ஒளி ஒரு பொருளின் உருட்சியையும் மேற்பரப்பின் சொரசொரப்பையும் எப்படிக் காட்டுகிறது என்பதை ஒரே இடத்தில் நின்று இரண்டு திசைகளிலிருந்தும் பார்க்கலாம். ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று, காலை ஆறரைக்கும் நண்பகலுக்கும் மாலை ஐந்தரைக்கும் எடுத்து மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒளியின் திசையைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்வதைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். நீரில் விழும் நிழலுருவம் வேண்டுமானால் காற்று எழும்புவதற்கு முன்னர், காலையிலேயே போக வேண்டும்; வெயில் ஏற ஏறச் சோளகம் நீரைக் கலைத்துவிடும்.

வெளிச்ச அளவைக் கற்பதற்கும் குளத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. கமரா எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமானது என்றே எண்ணிக் கணக்கிடுகிறது. கரிய நீரின் நடுவே நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைத் தன்னிச்சை நிலையில் எடுத்துப் பாருங்கள். படத்தின் பெரும்பகுதி இருள் என்பதால் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீர் சாம்பலாகும், கொக்கு இறகின் வரி ஒன்றுகூட இல்லாத வெள்ளைத் தாளாகும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் இறகுகள் திரும்பி வரும். அடுத்து, குளத்தில் கிடந்து எழும்பிய எருமையைப் படச்சட்டம் நிறைய எடுத்தால், அதன் கருந்தோல் வெளிறிப் போகும். அங்கேயும் குறைக்க வேண்டும். நீர் வற்றிய கரையின் வெளிறிய மணல் சட்டத்தை நிறைக்கும்போது இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மாலையில் செய்து பார்க்கலாம். நீர் நாளுக்கு நாள் பின்வாங்குவதால், நேற்று நீரில் மூழ்கியிருந்த பட்டமரம் இன்று வேரோடு தெரியும். ஒரே இடத்துக்கு ஏன் திரும்பத் திரும்பப் போவது என்ற சலிப்பும் வராது.

குளத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காட்டோரக் குளங்களுக்கு விடிவதற்கு முன்னர் தனியே போகக் கூடாது. யானை அந்த நேரத்தில்தான் நீருக்கு வந்து திரும்பும். குளிக்கும் பெண்களின் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. தூரத்தில்தானே நிற்கிறார்கள், முகம் தெரியாதே என்பதெல்லாம் காரணம் ஆகாது. அப்படி ஒருவர் செய்தாலே போதும், அந்த ஊரில் கமராவோடு கட்டுக்கு வரும் எல்லாப் பிள்ளைகள்மீதும் சந்தேகம் விழும்.

குளக்கட்டு எல்லாருக்கும் திறந்த இடம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலையிலோ பொழுதுபடும் நேரத்திலோ தனியே போகப் பல பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. சிறு பிள்ளைகளுக்கும் நீர்நிலை ஆபத்தானது. அவர்களுக்கு வீட்டு முற்றத்தைப் பரிந்துரைக்கிறேன், குளக்கட்டுக்கு எவ்விதத்திலும் குறையாத இடமாகவே பரிந்துரைக்கிறேன். ஓகஸ்ட் பனம்பழக் காலம். பனங்களி பிசைந்து, பாயில் ஊற்றிப் பனாட்டுக் காயவைக்கும் வீடு ஒன்று கிடைத்தால், பழகுநருக்கு அதைவிட நல்ல பாடம் தேவையில்லை. முதல் நாள் ஊற்றிய களி மினுங்கும் செம்மஞ்சளாக இருக்கும். ஈரம் இருப்பதால் வானத்தைப் பிரதிபலித்து, மேலிருந்து எடுத்தால் வெண்திட்டுகள் விழும், கமராவைச் சற்றுச் சரித்தால் அவை மறைந்து நிறம் தெளியும். அடுத்தடுத்த நாள்களில் மேலும் மேலும் களி ஊற்றப்படத் தடிப்பேறி, நிறம் கறுத்து, ஓரங்கள் சுருண்டு, நடுவில் பாயின் பின்னல் பதிந்த வரிகள் தெரியத் தொடங்கும். அந்த வரிகளை நண்பகல் வெளிச்சம் காட்டாது. காலை ஏழு மணியின் தாழ்ந்த ஒளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கொடுத்து எழுப்பிக் காட்டும். பல நாள் தொடரும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை படங்களாகச் சொல்லும் பயிற்சியும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

முகத்தை எடுக்கப் பழகுவதற்கும் வீடுதான் இடம். வெளியே உச்சி வெயில் எரியும்போது, அம்மம்மாவைத் தாழ்வாரத்தின் நிழல் முடியும் விளிம்புக்குச் சற்று உள்ளே, முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க இருத்துங்கள். முற்றத்து மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து வந்து கண்குழியின் கருமையைப் போக்கும். ஸ்டூடியோவில் விளக்கும் வெள்ளைத் திரையும் வைத்துச் செய்யும் வேலையை நம் வீட்டு முற்றம் செலவில்லாமல் செய்கிறது. 2009இல் கையில் எடுத்த பையைக்கூட விட்டுவிட்டு நடந்த குடும்பங்கள் பலவற்றிடம் அதற்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வீடுகளில் பழகுநர் ஒருவர் எடுக்கும் முதியவரின் படம் வெறும் பயிற்சிப் படமாக நின்றுவிடாது. எடுத்தவற்றில் நல்ல ஒன்றைக் கைத்தொலைபேசியிலேயே விட்டுவிடாமல் நகரிலுள்ள ஸ்டூடியோவில் அச்சிட்டுக் கொடுங்கள்.

மைதானத்தை இரண்டாம் படியாக வைப்பதற்குக் காரணம், அங்கே பொருள் அசைகிறது. ஊர் விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்தாட்டம் மாலையில் சூடேறும்போது வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும். பந்தை அடிக்க எழும்பியவரின் கை மங்காமல் நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் செக்கனில் 500இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஷட்டர் வேகம், துளை, ஐ.எஸ்.ஓ. மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பது இங்கேதான் உண்மையாகப் புரிகிறது. துளையின் அளவை எஃப் எண் குறிக்கும்; எண் சிறிதானால் துளை பெரிது. கமராவோடு வரும் சாதாரண 18–55 மி.மீ. லென்ஸ், தூரப் பொருளை அண்மையாக்கும் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். பொழுது பட்ட உடனே அந்த வேகத்தைப் பிடிக்க ஐ.எஸ்.ஓ. 1600 அளவுக்கு ஏற்ற வேண்டிவரும், படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியத் தொடங்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுவதால், ஐ.எஸ்.ஓ. 200 அளவிலேயே வேலை முடியும். கைத்தொலைபேசியின் துளையும் பல வேளைகளில் எஃப் 1.8 தான், ஆனால் அதன் உணரி மிகச் சிறியது, பார்வைக் கோணமோ அகலமானது. கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தால் ஆட்டக்காரர் தீக்குச்சி அளவில் தெரிவார். திரையை விரித்துப் பெருப்பித்தால் படம் உடையும். ஆகவே கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்று கத்துபவர்களையும் காலணி கட்டுபவர்களையும் எடுக்கலாம். இன்னொரு வழி, வலைக் கம்பத்தருகே தாழ இருந்து, எழும்புபவரின் கரிய உருவை மாலை வானத்துக்கு எதிரே பிடிப்பது. அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கத் தெரிந்திருந்தால் போதும், அதை ஏற்கெனவே கொக்கு கற்றுக்கொடுத்திருக்கும். தாங்களே ஆடுகிறவர்களுக்கு மைதானம் பொருந்தாது. ஆட்டமும் கெடும், படமும் கெடும்.

முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகக்கூடியவர்களுக்குச் சோளகக் காலம் வாய்ப்பானது. கிழக்குக் கரைக் கடல் இந்த மாதங்களில் அமைதியாக இருப்பதால் கரைவலை இழுக்கும் மீனவர் வாடிகள் இயங்கும். கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாரும் கரிய உருவங்களாகவே தெரிவர். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னே இருப்பதால் முகங்களும் வலையும் நிறமும் தெளிவாக வரும். மீன் சேரும் வலையின் மடி கரையை எட்டும் சில நிமிடங்களில் எத்தனையோ கைகளும் கால்களும் சட்டத்துக்குள் நுழைந்துவிடும். எதை விடுவது என்று தெரியாத தொடக்கநிலையாளருக்கு அது குழப்பமாகவே முடியும். உப்புக் காற்றில் போய்வந்த கமராவை அன்றே துடைக்க வேண்டும். கடற்கரை ஒரு நாள் பயணத்துக்கு நல்லது, பழகுவதற்கு அன்று.

பாலைப்பழக் காட்டைப் பற்றி எனக்கு இரு மனம். பொழுதுபோக்காக அதற்கு நிகர் இல்லை. ஆனால் இலைகளுக்கிடையே விழும் வெயில் முகத்தில் வெள்ளைப் பொட்டுகளாகவும் மற்ற இடமெல்லாம் இருளாகவும் இருக்கும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள அந்த இடைவெளியைத் தாங்கும் கமரா தொடக்கநிலையில் யாரிடமும் இல்லை. நன்றாக வருவது அண்மைப் படம்தான்: நிழலில் நீட்டிய உள்ளங்கையில் குவிந்த மஞ்சள் பழங்கள், பால் ஒட்டிய உதடு. அந்தப் பால் விரலிலும் ஒட்டும், விரலிலிருந்து கைத்தொலைபேசியின் லென்ஸிலும் ஒட்டும். படமெல்லாம் பனிப்புகார் மூடியது போல வந்தால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால், காட்டைத் தெரிந்த பெரியவர்களோடு மட்டுமே போக வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ தெரியும் இடத்தில், எவ்வளவு நல்ல படம் எதிரே இருந்தாலும், வந்த வழியே திரும்ப வேண்டும்.

மன்னார் மாவட்டத்து மடு அன்னையின் ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15இல் வருகிறது. காட்டு மரங்களின் கீழ் கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம், பவனி என்று அங்கே எங்கு திரும்பினாலும் படம் இருக்கிறது. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன். திரும்ப எடுக்க முடியாத ஒன்றில் பிழைவிட்டுப் படிக்க இயலாது; அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அங்கே நிற்பவர்கள் நேர்த்திக்கும் கண்ணீருக்கும் வந்தவர்கள். போர் முடிந்த பின்னர் வன்னி மக்களின் துயரத்தைப் படமெடுத்துப் போனவர்கள் ஏராளம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் முகங்களை உலகமே பார்த்தது. எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நம் பிள்ளைகள் அப்படிப் பழகக் கூடாது. “அம்மா, ஒரு படம் எடுக்கட்டுமோ?” என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், “எடு மோனை, ஆனா ஒரு இடமும் போட்டிடாதை” என்று அவர் சொன்னால், போடக் கூடாது. குளத்திலும் முற்றத்திலும் தெரிந்த முகங்களிடம் கேட்டுப் பழகியவருக்குத் திருவிழாவில் கேட்பது கூச்சமாக இராது. படைமுகாம்கள் இருக்கும் பக்கம் கமராவை எடுக்காமலிருப்பதும் இந்த ஒழுங்கோடு சேர்ந்ததே.

காசு கட்டி வகுப்புக்குப் போவதா, ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கு உதவியாளாகப் போவதா என்று கேட்பவர்களும் உண்டு. தொழிலாகச் செய்ய எண்ணுகிறவருக்கு இரண்டாவது நல்லது. சாமத்தியவீடுகளிலும் திருமணங்களிலும் விளக்குப் பிடித்து நின்றால் ஒளியை எங்கே வைப்பது என்பது கண்ணிலேயே பதியும். வகுப்பு, ஒரு மாதமாவது தானாக எடுத்துப் பார்த்து, கேட்பதற்குக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு போகிறவருக்கே பயன்படும்.

கமரா வாங்கும் முடிவை விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். அப்போது எடுத்த படங்களையெல்லாம் ஒன்றாகப் பார்த்து, எங்கே தடுக்கப்பட்டீர்கள் என்று தேடுங்கள். மாலை ஆட்டத்தில் கைகள் மங்கியிருந்தால், பாவித்த கமரா ஒன்றும் எஃப் 1.8 லென்ஸும் உங்களுக்குத் தேவை. கொக்கும் நாரையும் புள்ளியாகவே தெரிகின்றன என்பதே குறையானால், தேவைப்படுவது நீண்ட லென்ஸ். அதற்கு மாரிப் பறவைகள் வரும் காலம்வரை காசு சேர்க்கலாம். வாங்கியதை அந்த மழைமாதங்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பனாட்டும் அம்மம்மாவின் முகமும் குளத்து மரமும் மனதுக்கு நிறைவாக வந்திருந்தால், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அந்தக் காசில் படங்களை அச்சிடலாம்.